ஐந்து ராத்தல் ஸ்டாண்டு

பெண் தேடுகிறவன்கூட அத்தனை வீடு ஏறி இறங்கியிருக்க மாட்டான். காமிராவை நிறுத்திவைக்கும் மூன்று கால் ஸ்டாண்டு ஒன்றுக்காக என் வீட்டுக்காரர் இரண்டு மாதம் அலைந்தார். நாகர்கோவிலுக்கு நான்கு தடவை போனார். ஆசாரி வீட்டுக்கு எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் என்னை வந்து பார்த்தது ஒரே ஒரு தடவை, அதுவும் பத்து நிமிஷம்.

அவர் பெயர் ரசலையன். திருவட்டாற்றில், கோயிலுக்குப் போகும் பாதை திரும்புகிற இடத்தில் எங்கள் ஸ்டூடியோ. முன்பக்கம் படம் எடுக்கிற அறை, பின்பக்கம் வீடு, இரண்டுக்கும் நடுவில் படம் கழுவுகிற டார்க் ரூம். எடுப்பது அவர், கழுவுவது நான். ஊரில் பாதிப் பேருடைய முகத்தை நான் தண்ணீருக்குள் வைத்துத்தான் முதலில் பார்த்திருக்கிறேன்.

ஐம்பத்தைந்தாம் வருஷம் ஆனி ஆறாம் தேதி காலையில் சூரிய கிரகணம் என்று பத்திரிகையில் வந்ததுதான் இத்தனைக்கும் காரணம். இலங்கையில் சூரியன் முழுதாக மறையும், வெள்ளைக்கார விஞ்ஞானிகள் பீரங்கி மாதிரி காமிராக்களோடு அங்கே வந்து இறங்கியிருக்கிறார்கள், நம் பக்கம் ஒரு கீற்று மட்டும் மிஞ்சும் என்று போட்டிருந்தார்கள். இவர் அந்தத் துண்டைக் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“கீத்து போரும் பிள்ளே. அந்தக் கீத்த நான் பிடிச்சிருவேன்” என்றார்.

ஆனி மாதத்தில் எங்கள் பக்கம் மழை விடாது. நாகர்கோவிலைத் தாண்டி இருக்கிற மருந்துவாழ்மலை உச்சிக்குப் போய்விட்டால் கிழக்கே கடல், மழையும் குறைவு, சூரியன் கண்ணுக்கு நேரே எழும்பி வரும் என்பது அவர் கணக்கு. ஆனால் எங்களிடம் இருந்த தேக்கு ஸ்டாண்டு இருபத்திரண்டு ராத்தல். அதைத் தோளில் வைத்து மலை ஏறுகிறவன் படம் எடுக்க மாட்டான், மாலை போட்ட படமாகத்தான் வீடு திரும்புவான். நான் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. மறுநாளே லேசான ஸ்டாண்டு தேடக் கிளம்பிவிட்டார்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அந்த ஆனியில் எனக்கு எட்டாம் மாதம். அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் எட்டாம் மாதத்தில்தான் வயிற்றுக்குள் அசைவு நின்று போயின. இரண்டு தடவையும் ஒரு பகல், ஒரு இரவு அசையவில்லை, அவ்வளவுதான், முடிந்துவிட்டது. அதைப்பற்றி நாங்கள் வாயே திறப்பதில்லை. அவர் நாள் முழுக்க ஸ்டாண்டைப் பற்றிப் பேசினார், நான் நாள் முழுக்க ஸ்டாண்டைத் திட்டினேன். இரண்டு பேருக்கும் அது வசதியாக இருந்தது.

முதலில் வந்தது நாகர்கோவில் கடையிலிருந்து மூன்று நாளில் திருப்பித் தரலாம் என்ற பேச்சில் வாங்கிவந்த அலுமினிய ஸ்டாண்டு. ஒன்றுக்குள் ஒன்றாக ஐந்து குழாய். மடக்கினால் முழங்கை நீளம், இழுத்தால் ஆள் உயரம். மூன்று ராத்தல்கூட இல்லை. அவர் அதை நடு அறையில் நிறுத்தி, உச்சியில் ஒரு பித்தளைக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தார். தண்ணீர் சலனப்பட்டால் படமும் கலங்கும் என்று பரீட்சை. குலசேகரம் பஸ் போனது, தண்ணீர் நடுங்கியது. நான் அடுக்களையிலிருந்து வயிற்றைத் தூக்கிக்கொண்டு வந்தேன், இன்னும் நடுங்கியது.

“பிள்ளே, கொஞ்சம் பைய நட.”

“நான் பைய நடந்தா உங்க மலையில காத்து பைய அடிக்குமா?”

அவர் யோசித்தார். சின்ன விரல் தடிமன்கூட இல்லாத கடைசிக் குழாயை இழுக்காமல் விட்டுப் பார்த்தார். நடுத்தண்டை இறக்கிப் பார்த்தார். நடுக்கம் குறைந்தது. ஆனால் ஸ்டாண்டு ஒரு ஆட்டுக்குட்டி உயரத்துக்கு வந்துவிட்டது. மலை உச்சியில் குப்புறப் படுத்துக்கொண்டுதான் சூரியனைப் பார்க்க வேண்டும். மூன்றாம் நாள் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அடுத்து நாராயணபெருமாள் ஆசாரி கமுகு மரத்தில் ஒன்று செய்தார். லேசாகத்தான் இருந்தது. ஈரம் காயக் காயக் கால்கள் முறுக்கிக்கொண்டு மூன்றும் மூன்று திசை பார்த்தன. பங்காளிகள் மாதிரி இருக்கிறது என்று நான் சொன்னேன். ஆசாரிக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தக் கோபத்தில்தான் அவர் மூங்கிலுக்குப் போனார். பேச்சிப்பாறைப் பக்கத்திலிருந்து முற்றிய மூங்கில் வரவழைத்து, நுனியில் இரும்புப் பூண் போட்டு, பிலாப் பலகையில் தலை வைத்து, ஒரு சனிக்கிழமை தானே கொண்டுவந்து நிறுத்தினார். பஸ் போனது. நான் நடந்தேன். கிண்ணத்துத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது.

“எத்தன ராத்தல்?” என்று கேட்டார் இவர்.

“அஞ்சு. மூங்கிலுக்கு வயித்துக்குள்ள ஒண்ணும் இல்ல பாத்துக்கிடுங்க. அதாக்கும் அதுக்க பெலம்.”

ஆசாரி மூங்கிலைத்தான் சொன்னார். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

ஆனாலும் லேசான பொருள் லேசான பொருள்தான். வீட்டுக்குள் நடுக்கம் பார்ப்பது ஒன்று, ஆனிக் காற்றில் மலை உச்சியில் நிற்பது வேறு. முற்றத்தில் வைத்துப் பார்த்தபோது ஒரு காற்றுக்குத் தண்ணீர் சிலிர்த்தது. அவர் முகம் வாடிப்போனதைப் பார்க்கச் சகிக்காமல் நான்தான் சொன்னேன்.

“நெறகொடம் தளும்பாதுன்னு கேட்டதில்லியா? அதுக்கு பாரம் குடுங்க.”

“பாரத்த ஆரு மலைக்கு சொமக்கியது?”

“மலையில கல்லுக்கா பஞ்சம்? ஒரு ஓலக்கடவத்த மடக்கி எடுத்துக்கிடுங்க. மேல போய் கல்ல பெறக்கிப் போட்டு அடியில தொங்க விடுங்க.”

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பெண் பார்க்க வந்த அன்றுகூட அப்படிப் பார்க்கவில்லை. அந்த ஓலைக் கூடையைத் தொங்கவிட ஸ்டாண்டின் தலைக்கு அடியில் ஒரு கொக்கி வேண்டும். ஆசாரியிடம் போகப் பொறுமை இல்லை. டார்க் ரூம் ஜன்னலைப் பலகை அடித்து மூடி அதன் மேல் கறுப்புத் துணி தொங்கவிட்டிருந்தோம். துணியைத் தாங்கிய வளைந்த ஆணியைப் பிடுங்கிக்கொண்டு வந்து ஸ்டாண்டில் அடித்தார். துணியைப் பலகை இடுக்கில் செருகிவைத்தார். ஆணி இருந்த துளையை அடைக்க அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஸ்டாண்டு கிடைத்த சந்தோஷம் அப்படி.

கிரகணத்துக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. சபையில் போதகர், கிரகணம் என்பது சந்திரனுடைய நிழல், விசுவாசிகள் பயப்படக் கூடாது என்று பிரசங்கம் செய்தார். அவருடைய அம்மா, என் மாமி, முதல் வரிசையில் இருந்து ஆமென் சொன்னார்கள். திரும்பிவரும் வழியிலேயே வேப்பங்குழை ஒடித்துக்கொண்டார்கள். பாட்டு பாடும்போது பிள்ளை என் விலாவில் ஒரு உதை விட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அது அசையவில்லை.

நான் இடது பக்கம் படுத்தேன், வலது பக்கம் படுத்தேன், குளிர்ந்த தண்ணீர் குடித்தேன். சாயங்காலம் அவர் காமிராப் பெட்டியை முதுகில் கட்டி, ஸ்டாண்டைத் தோளில் சாய்த்து வாசலில் நின்றார். அத்தனை லேசாக ஒரு மனிதன் சுமை தூக்கி நான் பார்த்ததில்லை.

“எல்லாம் செரிதானே?”

“செரிதான். போயிட்டு வாங்க.”

பொய் சொன்னேன். உண்மையைச் சொல்லியிருந்தால் ஸ்டாண்டைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். இரண்டு தடவையும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் தடவையும் அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. இரவெல்லாம் கையை வயிற்றில் வைத்துக்கொண்டு கிடந்தேன். வயிறு என் கையின் கீழ் ஒரு பாத்திரம் மாதிரி இருந்தது.

காலையில் அதிசயமாக மழை இல்லை. மாமி என்னை எழுப்பிக்கொண்டுபோய் டார்க் ரூமில் விட்டார்கள். கிரகண வெளிச்சம் பிள்ளைத்தாய்ச்சி மேல் படக் கூடாது, பட்டால் பிள்ளைக்கு ஊனம் என்பது சாஸ்திரம். வீட்டிலேயே, ஏன், அந்தத் தெருவிலேயே அதைவிட இருட்டான அறை கிடையாது. மாமி செய்தது நியாயம்தான். கத்தரிக்கோலையும் கத்தியையும் வெளியே எடுத்தார்கள். என் தலைமாட்டில் வேதபுத்தகத்தையும் அதன் மேல் வேப்பங்குழையையும் வைத்தார்கள்.

“ஏட்டி, அனங்காம இரி. நகத்தக்கூட கிள்ளப்பிடாது, கேட்டியா? நான் வெளியிலதான் இருக்கியேன்.”

வெளியே தாழ் விழுந்தது. மாமி சங்கீதம் வாசிக்கிற சத்தம் கேட்டது. அடுத்த வீட்டு நாகம்மை கிரகணத்துக்குத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்துகிறாள் போலும், நின்னிட்டு, நின்னிட்டு என்று கூவினாள். உலக்கை ஒற்றைக் காலில் தானாக நிற்கிறது, என் வீட்டுக்காரருக்கு மட்டும் மூன்று கால் வேண்டியிருக்கிறது என்று எனக்கு நினைப்பு ஓடியது. மற்ற நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

மேற்குச் சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அதே சுவரில் என் தலைக்குப் பக்கத்தில் அதைப் பார்த்தேன். ஒரு ரூபாய் வட்டத்தில் ஒரு வெளிச்சம். இரவில் கறுப்புத் துணி சரிந்து விழுந்திருந்தது, கிழக்குப் பலகையில் ஆணித்துளை நட்சத்திரம் மாதிரி எரிந்தது. சரி, துளை, வெயில் வருகிறது என்று நினைத்துக் கண்ணைத் திருப்பப் போனேன். அந்த வட்டம் ஒரு பக்கம் கடிபட்டிருந்தது.

தேய்த்தேன். சுவரில் ஏதாவது கறை இருக்கும் என்று விரலால் தேய்த்தேன். வெளிச்சம் என் விரல் மேல் ஏறிக்கொண்டது, விரலிலும் கடிபட்டே இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடி பெரிதாயிற்று. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. காமிரா என்பது என்ன? ஒரு இருட்டுப் பெட்டி, அதில் ஒரு துளை, எதிரே ஒரு கண்ணாடித் தகடு. அதில் எல்லாம் தலைகீழாக விழும். நான் காமிராவுக்குள் உட்கார்ந்திருந்தேன். சுவரில் இருந்தது வெயில் இல்லை, சூரியன். தலைகீழாக, தின்னப்பட்டுக்கொண்டு, என் காதுக்குப் பக்கத்தில்.

உடம்பெல்லாம் மயிர் சிலிர்த்தது. இதற்காக வெள்ளைக்காரர்கள் கப்பல் ஏறி வந்திருக்கிறார்கள். இதற்காக என் வீட்டுக்காரர் இரண்டு மாதம் மரம் மரமாகத் தட்டிப் பார்த்தார். ஒருத்தி பார்க்கக் கூடாது என்று கதவை அடைத்துப் பூட்டிய அறைக்குள் அது ஒரு ஆணித்துளை வழியாக நுழைந்து வந்து நிற்கிறது.

பிறகு பயம் வந்தது. அது என் மேல் படக் கூடாத வெளிச்சம். எழுந்து போய்க் கட்டைவிரலால் துளையை அடைத்தேன். அறை கும்மிருட்டானது. அந்த இருட்டில் நானும் அசையாத என் வயிறும் மட்டும் இருந்தோம். அதை என்னால் தாங்க முடியவில்லை. எந்த ஊனம் வந்தாலும் வரட்டும், பிள்ளை வந்தால் போதும் என்று விரலை எடுத்துவிட்டேன். ஆண்டவரே, அப்படித்தான் நினைத்தேன்.

திரும்பியபோது வெளிச்சம் சுவரில் சற்றுக் கீழே இறங்கி, அரிவாள் போல ஆகியிருந்தது. வெளியே காகங்கள் கூட்டுக்குப் போகிற சத்தம் போட்டுவிட்டு அடங்கின. மாமியின் கோழிகள் கூட்டுக்குள் முண்டியடித்துக்கொண்டு ஏறின. சங்கீதம் நின்றுபோயிற்று. உலகமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது என்றால் அது அந்த நேரம்தான். அந்த அரிவாள் வெட்டிப் போட்ட நகம் மாதிரி மெலிந்துகொண்டே வந்தது, ஆனால் அத்தனை கூராக, அத்தனை வெள்ளையாக இருந்தது. அதற்கு முன்னால் என் வீடு, என் துக்கம், என் பயம் எல்லாம் எவ்வளவு சின்னது என்று தோன்றியது. அப்படித் தோன்றியதில் ஒரு ஆறுதலும் இருந்தது.

இதை அவருக்குக் காட்ட வேண்டும் என்பதுதான் அடுத்த நினைப்பு. அலமாரியில் பிரிண்டு போடுகிற தாள் கறுப்புக் காகிதத்துக்குள் இருந்தது. மெதுவாகக் கறுக்கும் தாள், பத்து எண்ணும் நேரம் பிடித்தால் போதும். கத்தரிக்கோல் இல்லை, இருந்தாலும் வெட்டியிருக்க மாட்டேன். முழுத் தாளையும் ஒரு அட்டையில் வைத்துச் சுவரில் பிடித்துப் பார்த்தேன். என் கை நடுங்கியது. இரவெல்லாம் தூங்காத கை.

தாளை வைக்க அசையாத ஒரு இடம் வேண்டும். தேக்கு ஸ்டாண்டு தாழ்ப்பாளுக்கு அந்தப் பக்கம் இருந்தது. மூங்கில் ஸ்டாண்டு மலை உச்சியில் கல் சுமந்துகொண்டு நின்றது. நான் பழையபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வெளிச்சம் நேரே என் வயிற்றில் விழும்படி நகர்ந்தேன். அரைப் பகலும் ஒரு இரவும் அசையாத வயிறு. அதைவிட அசையாத இடம் ஒன்று அந்த வீட்டில் எனக்குத் தெரியவில்லை. தாளை அதன் மேல் நிறுத்தி, கைகளை எடுத்து, மூச்சை அடக்கி எண்ணத் தொடங்கினேன்.

ஒன்று. இரண்டு. கீற்றுச் சூரியன் தாளின் நடுவில் நின்றது. மூன்று. நான்கு. ஐந்து.

ஆறு எண்ணும்போது தாள் நகர்ந்தது.

முதலில் தாள் வழுக்குகிறது என்றுதான் நினைத்தேன். பிறகு அட்டைக்குக் கீழே ஒரு முழங்காலோ முழங்கையோ மெல்லப் புரண்டு ஒரு பக்கமாகப் போனது. தூங்கி எழுந்தவன் சோம்பல் முறிப்பதைப் போல அவசரமே இல்லாமல் போனது. நான் எண்ணுவதை நிறுத்தவில்லை. ஏழு, எட்டு, ஒன்பது என்று சத்தமாகவே எண்ணினேன், கண்ணிலிருந்து தண்ணீர் தாடையில் வழிந்துகொண்டிருந்தது.

“என்னட்டி? ஆருகூட பேசுக?” என்று மாமி கதவுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்கள்.

“ஒண்ணும் இல்ல மாமி. நீங்க வாசியுங்க.”

எழுந்து தட்டில் மருந்தை ஊற்றித் தாளை முக்கினேன். வெள்ளைத் தாளில் கறுப்பாக ஒரு சூரியக் கீற்று எழும்பி வந்தது. அதன் தோளில் சாய்ந்துகொண்டு இன்னொன்று. தட்டின் விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டு பார்த்தேன். பிள்ளை மறுபடியும் அசைந்தது.

மாமி கதவைத் திறந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, எனக்குக் கஞ்சி தந்தார்கள். நான் இரண்டு தடவை வாங்கிக் குடித்தேன். அவர் பின்மத்தியானம் வந்தார். மழையில் ஊறி, முட்டி சிராய்த்து, ஸ்டாண்டை மட்டும் தன் துண்டால் துடைத்துக்கொண்டு வந்தார். வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“கெடச்சுதா?”

“ஸ்டாண்டு ஒரு நூல் அனங்கல்ல பிள்ளே. அந்தக் காத்துல, பாறைக்க மேல, கிண்ணத்துத் தண்ணி அப்படியே நின்னுது. மேகமும் அனங்கல்ல. ஒண்ணரை மணிக்கூறு சூரியனுக்க மேல குத்த வச்சு இருந்துது, சவம்.” சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. “ஒலகத்துல எல்லாரும் பாத்திருப்பான். எனக்கு இல்ல.”

நான் உலர்ந்த தாளைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தேன். ஆணித்துளையைச் சொன்னேன். அவர் வாய் திறந்தபடி இருந்தது. தாளை ஜன்னலுக்குக் கொண்டுபோனார். பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தார். எத்தனை நேரம் பார்த்தார் என்று தெரியாது. திரும்பியபோது அவர் முகத்தில் தொழில்காரனுடைய வருத்தம் இருந்தது.

“இவ்வளவு வந்திருக்கு. ஆனா அனங்கிப்போச்சே பிள்ளே. எதுக்க மேல வச்சா எடுத்த?”

“வயித்துக்க மேல.”

அவருக்கு விளங்கவில்லை.

“நேத்து உச்சைக்குப் பொறவு பிள்ளைக்கு அனக்கம் இல்லாம இருந்துது” என்றேன். “உங்ககிட்ட சொல்லல்ல. இத எடுக்கும்போதுதான் அனங்கிச்சு. ஆறு எண்ணும்போது.”

அவர் என் வயிற்றைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். நான் அவர் கையை எடுத்து வைத்தேன். கொஞ்ச நேரம் காத்திருந்தோம். உதை வந்தது. அவர் கையை எடுக்கவில்லை. இன்னொரு கையில் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு, முதல் கீற்றிலிருந்து இரண்டாம் கீற்று வரைக்கும் கட்டைவிரலை வைத்து அளந்தார். மயிரிழை கலங்கினாலும் படத்தைக் கிழித்துக் கூடையில் போடுகிற மனிதர்.

“அரை இஞ்சு” என்றார். “அரை இஞ்சு அனங்கியிருக்கு பிள்ளே.”